பூனையின் காலடி ஓசையில் முறுக்கிய நாடா

இல்லாத வஸ்துவுக்கு உதாரணம் சொல்ல நேர்ந்தால் நம் தர்க்க சாஸ்திரிகள் முயற்கொம்பையும் ஆகாயத் தாமரையையும் எடுத்துக் காட்டி, அவற்றின் இன்மையை ஸ்தாபித்த திருப்தியோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். வட அட்லாண்டிக் கடலின் நடுவே கிடக்கும் ஐஸ்லாந்துத் தீவில், 1220-ஆம் ஆண்டையொட்டித் தம் முன்னோர்கள் வணங்கிய தேவர்களின் கதைகளையெல்லாம் ‘எட்டா’ என்ற நூலாக எழுதிவைத்த ஸ்நோரி ஸ்டூர்லுசோன் என்ற பெரியவரோ, அத்தகைய வஸ்துக்களை ஒரு பட்டறைக்காரர் சரக்குக் கணக்குச் சொல்வதுபோல நிதானமாக வரிசைப்படுத்தி, அவற்றைக் கொண்டு ஓர் ஓநாயைக் கட்டியே காட்டிவிட்டார்.

ஃபென்ரிர் என்னும் அந்த ஓநாய் தேவர்களின் மத்தியிலேயே வளர்ந்தது. நாளுக்கு நாள் அது பெருத்து வருவதைக் கண்டு கலங்கிய தேவர்கள் லேடிங் என்ற விலங்கை அதன் காலில் பூட்டினார்கள். ஒரே உதையில் அது அறுந்தது. அதனினும் இருமடங்கு வலிய ட்ரோமியைப் பூட்டினார்கள். அதுவும் துண்டு துண்டாகச் சிதறியது. இனி இரும்பை நம்பிப் பயனில்லை என்று கண்ட தேவர்கோன் ஒடின், ஸ்கிர்னிர் என்ற தூதனைப் பாதாளத்துக் குள்ளர்களிடம் அனுப்ப, தேவருலகத்துக்கு வேண்டிய அருமையான கருவிகளையெல்லாம் செய்து கொடுத்த அந்தக் கம்மியர்கள், பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறையும் சேர்த்து, பட்டு நாடாவைப் போல வழவழப்பும் மிருதுத்தன்மையும் கொண்ட கிளெய்ப்னிர் என்ற தளையைச் செய்தார்கள்.

இந்த ஆறில் நாலாவதைச் சற்றே கவனியுங்கள். கரடிக்குத் தசைநார் உண்டு. அதை உரித்து முறுக்கினால் கயிறும் ஆகும். ஓசை, மூச்சு என்று கைக்கு அகப்படாத சரக்குகளின் நடுவில் உண்மையாகவே கயிற்றுக்கு உதவக்கூடிய இந்த ஒன்றைச் செருகி வைத்ததில்தான் அசல் தொழிலாளியின் சாமர்த்தியம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆறும் அசம்பாவிதமாக இருந்திருந்தால் கேட்பவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இந்த ஒரு நார் இருப்பதனால், மற்ற ஐந்தையும் எந்த உலையில் இளக்கினார்கள், எந்த ராட்டையில் நூற்றார்கள் என்று அவன் மனம் தன்னை அறியாமலே யோசிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஸ்நோரியின் குறும்பு அதோடு அடங்கவில்லை. மாறுவேடத்தில் வந்து கேள்வி கேட்கும் கில்வி என்ற அரசனுக்கு, உயர்ந்த ஆசனங்களில் வீற்றிருக்கும் மூவர் கதை சொல்வதாக அமைந்த பகுதி இது. பட்டியலைச் சொல்லி முடித்த கையோடு, பெண்ணுக்குத் தாடி இல்லை, பூனை நடந்தால் சத்தம் இல்லை, மலைக்கு அடியில் வேர் இல்லை என்பதை நீயே கண்டிருப்பாயே, ஆகவே நான் சொன்னது அத்தனையும் சத்தியம் என்பதற்கு இதுவே அத்தாட்சி என்கிற தோரணையில் அவர்கள் முத்தாய்ப்பு வைக்கிறார்கள். அந்தப் பொருள்கள் உலகத்தில் இல்லாமற்போனதையே கதைக்குச் சாட்சியாக நிறுத்தும் இந்தப் பிரமாணத்தை எந்த நியாய சாஸ்திரம் ஒப்புக்கொள்ளும்? கில்வி மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறான், நாமும் அப்படியே.

குள்ளர்களின் மற்றக் கைவினைகளும் உண்டு. அவற்றில் பொன்மயிர் கொண்ட பன்றியைப் பற்றி எனக்கு அதிக உற்சாகமில்லை. இருட்டில் ஒளி வீசும் மிருகங்கள் பல நாட்டுக் கதைகளிலும் மலிந்திருக்கின்றன. ட்ராப்னிர் என்ற பொன் வளையம் அப்படியல்ல. ஒன்பதாம் இரவுதோறும் அதிலிருந்து எட்டு வளையங்கள் சொட்டும் என்று சொன்னதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் மூல வளையத்துக்குச் சமமான எடையுள்ளது என்று தராசு பிடித்துச் சொல்கிறார் ஸ்நோரி. தேவர்கள் அனைவரையும் ஆயுதங்களோடு ஏற்றிச் செல்லும் ஸ்கித்ப்லாத்னிர் என்ற கப்பலைத் துணிபோல மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாமாம். காரணம் கேட்டால் மந்திரம் என்று மழுப்பாமல், அத்தனை நுட்பமான துண்டுகளை இணைத்துச் செய்தது என்று தச்சனின் பதில் வருகிறது.

தோர் என்ற தேவனின் சுத்தியல் பிறந்த கதையில் உலைக்களத்தின் வெப்பமே நம் முகத்தில் அடிக்கிறது. எய்ட்ரி என்ற குள்ளன் இரும்பை உலையிலிட்டு, தான் வந்து எடுக்கும்வரை துருத்தியை நிறுத்தாதே என்று சகோதரன் ப்ராக்கிடம் சொல்லிப் போகிறான். இவர்களுடைய திறமைக்கு எதிராகத் தன் தலையையே பந்தயம் வைத்திருந்த லோகி என்ற தேவன், ஈயின் உருவில் வந்து ப்ராக்கின் இமையைக் கடிக்க, ரத்தம் வழிந்து கண்ணை மறைக்க, துருத்தி அமுங்கிய ஒரு கணத்தில் அவன் கையை வீசி ஈயை விரட்டுகிறான். அந்த ஒரு கணத்துக்கு விலை, சுத்தியலின் பிடி குட்டையாகிவிட்டது! தேவர்கள் கூடி, குறையோடு கூடிய அதையே எல்லாவற்றிலும் தலைசிறந்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள் என்றால், அவர்களை நல்ல ரசிகர்கள் என்றே கொள்ளவேண்டும்.

ஆனாலும் என் மனம் தோய்ந்து நிற்பது இந்த ஆயுதங்களில் அல்ல. உலகம் முடியும் நாளில் மிதந்து வரப்போகும் நாக்ல்ஃபார் என்ற கப்பல், இறந்தவர்களின் நகங்களால் கட்டப்படுகிறது. ஆகையால் நகம் வெட்டாமல் ஒருவர் இறந்துபோனால் அந்தக் கப்பலுக்குச் சரக்குச் சேர்கிறது என்று ஸ்நோரி எச்சரிக்கிறார். இதற்கு மாற்று விதார் என்ற தேவனின் பாதரட்சை. செருப்புத் தைக்கிறபோது கால்விரலுக்கும் குதிகாலுக்கும் நேரே வெட்டிக் கழிக்கிற தோல் நறுக்குகள், ஆதிகாலந்தொட்டு அந்த ஒரு பாதரட்சைக்காகச் சேர்ந்துகொண்டிருக்கின்றனவாம். தேவர்களுக்குத் துணை செய்ய நினைப்பவர் அந்த நறுக்குகளை எறிந்துவிட வேண்டுமாம். பிரளயத்தைத் தள்ளிப்போடுவதற்கும் அதில் வெல்வதற்கும் சாமானியனால் ஆகக்கூடிய காரியம் வெட்டிய நகத்திலும் கழித்த தோலிலும் இருக்கிறது.

அந்த நாளில் ஓநாய் கட்டவிழ்ந்து வரும்; குள்ளர் கைவண்ணமான குங்னிர் என்ற ஈட்டியை ஏந்தி எதிர்த்த ஒடினை அது விழுங்கிவிடும்; அப்போது விதார் அந்தப் பாதரட்சையணிந்த காலால் அதன் கீழ்த்தாடையை மிதித்து, மேல்தாடையைக் கையால் பற்றி, வாயைக் கிழித்து முடிப்பான். ஆகவே இந்தக் கைவினைகளுக்குள் தரம் பிரிக்கச் சொன்னால், முதலிடத்தைச் செருப்புத் தைப்பவரின் கழிவுத் தோலுக்கும், அடுத்த இடத்தைக் கிளெய்ப்னிருக்கும், சுத்தியலுக்கு மூன்றாவதையும் தருவேன். தாமே படித்துத் தீர்ப்புச் சொல்ல விரும்புவோர் ‘எட்டா’வில் கில்வகின்னிங் என்ற பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஓநாயும் நகக் கப்பலும் பாதரட்சையும் அதில் இருக்கின்றன. சுத்தியல் கதைக்கு ஸ்கால்ட்ஸ்காபர்மால் என்ற பகுதிக்குப் போகவேண்டும்.