ஏறிய மேடை

திராவிட இயக்கம் தமிழ் நாடகத்தை வளர்த்தது என்று கலைஞர் நூற்றாண்டையொட்டி மறுபடியும் நிறையப் பேர் பேசினார்கள். நாடகத்தால் இயக்கம் வளர்ந்தது என்றால் மறுபேச்சில்லை. எழுவாயை இடம் மாற்றிப் போடும்போதுதான் எனக்கு இடறுகிறது.

அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் புராணக் கிரீடங்களைக் கழற்றிவைத்துவிட்டுப் பண்ணையார் வீட்டுக் கூடத்தை மேடைக்குக் கொண்டுவந்தன. பாட்டு குறைந்தது, பேச்சு நிமிர்ந்தது. சரி.

ஆனால் தமிழில் கட்சிக்காரர் ஏறுவதும் மேடை, நடிகர் ஏறுவதும் மேடை. சொல் ஒன்றாய் இருந்ததாலோ என்னவோ, வேலையும் ஒன்றாகிப்போனது. 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தையே பாருங்கள். நீதிமன்றக் காட்சி, இருதரப்பும் மோதுவதற்கு அதைவிடத் தோதான களம் கிடையாது. ராவணன் அடுக்கிக்கொண்டே போகிறான். எதிரே கம்பருக்கு உருப்படியாக ஒரு பதில் வாய்க்கவில்லை. தீர்ப்பு திரை தூக்கும் முன்பே எழுதியாகிவிட்டது. கைதட்டலுக்கு இடைவெளி விட்டு எழுதிய வசனத்தில் எதிராளிக்கு மட்டும் எப்படி இடம் கிடைக்கும்?

எம்.ஆர். ராதாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். மடக்கட்டும். திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் பகுத்தறிவு பேசும் வாய் யாருடையது? தாயையும் மனைவியையும் உதறிய ஒரு தறுதலையுடையது. சொல்வது சரி, சொல்பவன் அயோக்கியன். அந்த முரணில்தான் நாடகம் பிறக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவனையும் ராதா விட்டுவைக்கவில்லை. அவருக்கு அது முடிந்தது, ஏனென்றால் அவர் நின்றது பெரியார் பக்கம். தேர்தலில் நிற்காத கழகத்தின் பக்கம். வாக்குக் கேட்கப் போகிறவன் எதிரே இருப்பவனை வையமாட்டான். 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பதென்று தி.மு.க. முடிவெடுத்தது. அதற்குப் பிறகு அந்த மேடையில் பார்வையாளர் எப்போதும் நல்லவர். கெட்டவர் எப்போதும் கொட்டகைக்கு வெளியே. இது பிரசாரத்துக்குப் பலம், நாடகத்துக்கு விஷம்.

ஆட்சி வந்த பிறகாவது கடன் தீர்ந்ததா? ராதாவின் ராமாயண நாடகத்தைக் குறிவைத்து 1954-இல் காமராஜர் ஆட்சி ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், ஆட்சேபம் என்றால் நிறுத்தலாம். 1967-க்குப் பிறகு முதல்வர்களாக வந்தவர்களில் நாடகம் எழுதியவர்கள் இருவர். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் ஒருவர். சட்டம் ஏட்டிலேயே இருந்தது. தங்கள் ஏணிக்கு அடுத்தவர் போட்ட பூட்டைத் திறக்க இத்தனை பேருக்கும் கை வரவில்லை. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதென்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி. எதிர்மனுதாரர், தமிழ்நாடு அரசு.