நீலி சொன்ன நியாயம்

மனிதரைச் சாதி பிரிப்பதில் நம்மவர்க்குள்ள ஊக்கம் புத்தகங்களைச் சாதி பிரிப்பதிலும் குறைவின்றிக் காணப்படுகிறது. தத்துவ நூல் மேற்சாதியாம். அது கண்ணாடி அலமாரியில் பூட்டப்பெற்று, திறப்பாரின்றிக் கறையானுக்கு இரையாகும். மாயக் கதை இடைச்சாதியாம். பாட்டிமார்க்கும் பாலர்க்கும் உரியது. சித்திரக் கதையும் பேய்க் கதையும் தீண்டத்தகாதனவாம். அவற்றைப் பள்ளிப் பையன் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தே படிக்கவேண்டும். இப்பிரிவினையை வகுத்தவர் யார்? எந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்த்து வகுத்தார்? இக்கேள்விக்கு விடை சொல்வார் எவரையும் நாம் இதுகாறும் கண்டிலோம்.

வைதிகர் இவ்வாறு சொல்வதில் வியப்பில்லை. சீர்திருத்தம் பேசும் நண்பர்களுள்ளும் சிலர் வேறொரு காரணங் காட்டி இதே முடிவுக்கு வருகின்றனர். "பேய்க் கதை மூடநம்பிக்கையை வளர்க்கும், மாயக் கதை மூளையை மழுக்கும், படக் கதை படிப்பைக் கெடுக்கும், ஆதலின் இவை படிப்பகத்துள் நுழையலாகாது" என்பது அவர்கள் வாதம். அவர்கள் எண்ணம் நல்லெண்ணமே. ஆனால் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீர்ப்பும் சாட்சியை விசாரித்த பின்னரே செய்யப்படவேண்டும். அந்த விசாரணையை இக்கட்டுரையில் நடத்திப் பார்ப்போம்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நமக்கு, எதிலும் "கடைசியில் மிச்சம் என்ன?" என்று பார்ப்பது பழக்கமாய்ப் போயிற்று. புத்தகத்திற்கும் அந்தக் கணக்கே பொருந்துமென்பது நமது துணிபு. கடைசிப் பக்கத்தை மூடியபின் படித்தவன் நெஞ்சில் மிஞ்சுவது அச்சமா, கேள்வியா? அச்சமே மிஞ்சுமானால் அந்நூல் தத்துவம் என்று பெயர் பூண்டு வந்தாலும் தள்ளத்தக்கது. கேள்வி மிஞ்சுமானால் அது பேய் வேடம் பூண்டு வந்தாலும் கொள்ளத்தக்கது.

இது வெறும் இலக்கிய ஆராய்ச்சியன்று. புக்கிட் காத்திலிலும், ஜாசின், டுரியான் துங்கால், மெர்லிமாவ் முதலிய சுற்றுவட்டாரங்களிலும் வாழும் நம் ஜனங்கள் இதனை நன்கறிவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுப் பலர் பட்டணத்து வீடுகளுக்குக் குடிபோயினர். ஆயினும் பேய் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் போகுமுன் மந்திரிக்கப் போகும் வீடுகள் இன்றும் உண்டு. தாயத்துக்கும் கழிப்புக்கும் செலவாகும் வெள்ளி, அக்குழந்தையின் பள்ளிச் செலவிலிருந்தே கழிகிறது. அச்சம் ஒரு வியாபாரப் பண்டமாய் இருக்குமிடத்தில், அச்சத்தைப் பற்றிய புத்தகம் எப்பக்கம் நிற்கிறது என்று கேட்பது நம் கடமையாகிறது.

முதலில் மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். சாத்தனார் இயற்றிய இக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1898-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளிப்படுத்தினார். பள்ளியில் இதனை அமுதசுரபியின் கதையாக மட்டுமே பலர் கேட்டிருப்பர். இதில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை என்று ஒரு பகுதியுண்டு. அதிற் காட்டப்படும் சுடுகாட்டைப்போல் குலைநடுங்கச் செய்யும் இடம் தமிழில் வேறில்லை என்றே கூறலாம். சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே அவ்வழி வருகிறான். பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேயைக் காண்கிறான். அஞ்சி ஓடித் தாயிடம் சொல்லி உயிர்விடுகிறான். தாய் கோதமை தெய்வத்தின் முன் சென்று, பேய் என் மகனைக் கொன்றதே, நீ காவல் நின்றது எதற்கு என்று முறையிடுகிறாள். பேய்க் கதையின் இலக்கணப்படி இங்கே ஒரு மந்திரவாதி வரவேண்டும். சாத்தனாரோ தெய்வத்தின் வாயிலாகவே, பேய் எவருயிரையும் உண்பதில்லை என்று சொல்லச் செய்கிறார். சிறுவனது அறியாமையைச் சார்பாகக் கொண்டு அவன் வினையே அவனுயிரைக் கொண்டது என்பது அவர் தரும் விடை.

வினை என்னும் அந்த விடை நமக்கு உடன்பாடன்று. ஊழின்மேற் பழிபோட்டுப் பிழைப்பவர்களை நாம் போதுமான அளவு பார்த்திருக்கிறோம். எனினும் பேயை நம்பிய காலத்தில், பேயை நடுவில் நிறுத்தி, பேய் கொல்லாது என்று சொன்ன புலவரின் துணிவை மெச்சாமலிருக்க முடியவில்லை. இதே நூல் பின்னர் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் அப்பெண்ணை அனுப்பி அவரவர் கொள்கையைக் கேட்கச் செய்கிறது. அளவை முறைகளையும் விரித்துரைக்கிறது. சுடுகாட்டில் தொடங்கியவன் தர்க்கத்தில் வந்து சேர்கிறான்.

அடுத்து நிற்பவள் நீலி. 'நீலிக் கண்ணீர்' என்று பொய்யழுகையைச் சொல்லாத தமிழர் வீடு உண்டோ? அந்தப் பழையனூர் நீலி, வணிகனைப் பழிவாங்கிய பேயென்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவளையே தலைவியாக்கிச் சமண முனிவர் ஒருவர் செய்த காப்பியம் நீலகேசி. பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி இதனை 1936-ஆம் ஆண்டில் பதிப்பித்தார்.

கதையைக் கேளுங்கள். காளி கோயிலில் உயிர்ப்பலியிட ஜனங்கள் விலங்குகளைக் கொண்டுவருகின்றனர். அங்கிருந்த முனிசந்திரர் என்னும் முனிவர், உயிரைக் கொல்லவேண்டா, மண்ணாற் செய்த உருவங்களை வைத்தாற் போதும் என்கிறார். ஜனங்கள் அவ்வாறே செய்கின்றனர். பலியிழந்த காளி சினந்து, முனிவரை விரட்ட நீலியை ஏவுகிறாள். நீலி கோர உருவங் காட்டுகிறாள், முனிவர் அசையவில்லை. அழகிய பெண்ணாய் வந்து மயக்கப் பார்க்கிறாள். அதற்கும் அவர் அசையவில்லை. அச்சுறுத்த வந்தவள் அறங்கேட்டு அமர்கிறாள். அதன்பின் அப்பேய்ப் பெண் நாடெங்கும் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் ஆகியோரோடு வாதம் புரிகிறாள். வேதவாதச் சருக்கத்தில் பிறப்பினால் உயர்வு கொண்டாடுவோரை அவள் மடக்கிக் கேட்கும் கேள்விகள், நம் காலத்து மேடையில் நின்று கேட்டாலும் பழமை தட்டாதவை.

பேய்க் கதை, மாயக் கதை, தத்துவம் என்னும் மூன்று சாதியும் இந்த ஒரு நூலில் கலப்புமணம் செய்துகொண்டிருக்கின்றன! இதனை எந்த அலமாரியில் வைப்பார்கள் நம் நண்பர்கள்?

குறை சொல்லாமல் விடுவது மதிப்புரையாகாது. நீலகேசியில் வாதம் நடக்கிறதேயன்றிப் போட்டி நடப்பதில்லை. வருவோர் அனைவரும் தோற்பதற்கென்றே வருகின்றனர். ஓரிடத்திலேனும் நீலி திகைத்து நின்றாள், எதிரி சொன்னதை எண்ணிப் பார்த்தாள் என்றிருக்குமானால் நூலின் பெருமை இருமடங்காகியிருக்கும். நடையும் கடினம்; உரையின் துணையின்றி இன்றைய வாசகர் பத்துப் பாட்டைக் கடப்பதும் அரிது.

இனிச் சித்திரக் கதைக்கு வருவோம். சிவகாசியில் சௌந்திரபாண்டியன் என்பார் 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸைத் தொடங்கி 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டார். பின்னர் 1984-இல் அவர் குமாரர் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். மாயாவி தமிழனல்லன், 1962-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் பிறந்தவன். ஆயினும் சிவகாசித் தாளில் தமிழ் பேசி, தமிழ்ப் பையன்களுக்குள் ஒருவனாகிவிட்டான். ஒரு கையை இழந்து இரும்புக்கை பூண்டவன் அவன். மின்சாரம் பாய்ந்ததும் அவனுடல் மறைந்துபோகும். இரும்புக்கை மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

"இதிலென்ன தத்துவம் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்கு இக்கதையைக் கண்டவுடன் நினைவுக்கு வருவது கிரேக்க ஞானி பிளேட்டோவின் 'குடியரசு'. அதன் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் என்பவன் சாக்ரதீசிடம் ஒரு கதை சொல்லுகிறான். ஆடு மேய்ப்பவன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது; கல்லை உட்புறம் திருப்பினால் அணிந்தவன் மறைந்துபோவான். அந்த இடையன் அரண்மனை புகுந்து, அரசியைத் தன்வயமாக்கி, அரசனைக் கொன்று நாட்டைக் கவர்கிறான். எவரும் காணமாட்டார் என்ற உறுதி இருக்குமானால் நல்லவனும் நல்லவனாய் இருப்பானா? இதுவே கிளாக்கனின் கேள்வி. மாயாவியும் கதைத் தொடக்கத்தில் கிடைத்த ஆற்றலைத் தீய வழியிலேயே செலுத்துகிறான். பின்னரே திருந்திச் சட்டத்தின் பக்கம் வருகிறான். சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் எழுந்த கேள்வி, தலையணைக்கடியிலிருக்கும் மலிவுத் தாளிலும் கேட்கப்படுகிறது. நம் வள்ளுவரும், பிறர் அறியாமற் செய்யும் வஞ்சனையைப் பற்றிக் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறாரன்றோ?

சித்திரக் கதையும் பிளேட்டோவும் ஒரே தரமென்று நாம் சொல்லவில்லை. மாயாவி கேள்வியைத் தொட்டுவிட்டு அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறான். பிளேட்டோ அதற்கு விடை காண நூல் முழுதும் உழைக்கிறார். அந்த வேறுபாட்டைப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியவர் பெரியவர்கள். அவர்கள் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்துவிட்டால், கேட்பதற்கு இருந்த ஒரு வாய்ப்பும் போய்விடும்.

மாயக் கதைக்கும் இதே நியாயந்தான். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு சிக்கலான கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்கிறது. 1947-இல் தோன்றிப் பல்லாண்டு நடந்த அம்புலிமாமா இவ்வமைப்பைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பிற்று. ஒரு தவற்றில் மூவர்க்குப் பங்கிருந்தால் குற்றம் யாருடையது என்று ஆராயும் பழக்கத்தை எத்தனையோ பிள்ளைகள் இந்த வேதாளத்திடமே கற்றனர்.

நமது அளவுகோலுக்கு எளிதில் அடங்காத கதையும் ஒன்றுண்டு. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யையே சொல்லுகிறோம். பிச்சைக்காரியாக வாயிலில் வந்து நின்ற ஒருத்தியை மனைவி வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கதை சொல்லும் கணவன் எழுத்தாளன், படித்தவன். அவள் மனிதப் பிறவிதானா என்ற ஐயம் அவனைப் பற்றிக்கொள்கிறது. ஆசிரியர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. படித்து முடித்தபின் அச்சமும் மிஞ்சுகிறது, கேள்வியும் மிஞ்சுகிறது. இதனைப் பிற்போக்கென்று தள்ளுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. படித்த மூளைக்குள் பயம் எவ்வாறு இடம் பிடிக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாய்க் காட்டிய கதை வேறெது? எதிரியின் பாசறையை வேவு பார்ப்பவனைப் பகைவன் என்று சொல்லலாமா?

தள்ளத்தக்கவை எவை என்பது இப்போது விளங்கும். பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்தி, முடிவில் பூசாரியின் வேப்பிலையாலோ தாயத்தாலோ கதையைத் தீர்த்துவைக்கும் மலிவு நாவல்கள் உள்ளன. அவை கதைகளல்ல, மந்திரவாதியின் விளம்பர நோட்டீசுகள். அவ்வாறே, கேள்வி கேட்பதைப் பாவமென்று சொல்லி, நரகத்தைக் காட்டி அடங்கச் சொல்லும் 'ஞான' நூல்களும் உள்ளன. கெட்டி அட்டையும் பொன்னெழுத்தும் இருப்பதால் அவை உயர்ந்தவையாகிவிடா. இவ்விரண்டு வகையும் ஒரே கடைச் சரக்கு.

புத்தகம் கிடைப்பதில்லை என்று தோட்டத்து நண்பர்கள் குறைகூறுவது ஒருகாலத்தில் நியாயமாயிருந்தது. இன்று மணிமேகலையும் புதுமைப்பித்தன் கதைகளும் மதுரைத் திட்டத்தின் வாயிலாகக் கைபேசியிலேயே காசின்றிக் கிடைக்கின்றன. நீலகேசியைத் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் உரையோடு படிக்கலாம். வாரம் ஒருநாள் மாலை பத்துப்பேர் கூடி, தமிழறிந்த ஒருவர் உரையை வாசிக்க மற்றவர் கேட்டால் நீலியின் ஒரு வாதத்தை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். பிள்ளைகள் தத்தம் சித்திரக் கதைகளையும் அங்கே கொண்டுவரட்டும். மாயாவி செய்தது சரியா என்று அவர்களையே வாதிடச் சொல்லலாம்.

இறுதியாக, புத்தகங்களை ஒழிக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. நீலகேசி எழுந்ததே குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்தை மறுக்கத்தான். அந்தக் குண்டலகேசி இன்று இல்லை. சில பாடல்களே எஞ்சின. அதிற் கண்ட கொள்கைகளை நாம் ஓரளவேனும் அறிவது, அதனை மறுத்த நூலுக்கு உரையெழுதிய சமண முனிவரால்! எதிரியின் சொல்லை எடுத்துக்காட்டி, பின்னரே மறுப்புக்கு உரை சொல்வது அவர் முறை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னிருந்த சமயவாதிகளுக்கு இருந்த அந்நேர்மை, பகுத்தறிவு பேசும் நமக்கு இல்லாமற் போகலாமா? பிடிக்காத புத்தகத்தையும் படிப்பகத்தில் வையுங்கள். அதன் பக்கத்திலேயே அதற்குரிய மறுப்பையும் எழுதி வையுங்கள். இரண்டையும் படிக்கும் பிள்ளை தானே தீர்ப்புச் சொல்லட்டும்.