யோபுவின் நண்பர்களும் மீரியபெத்த மண்சரிவும்

பிறர் கொள்கையை மறுப்பது பரபக்கம். தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரை இவ்விரு கூறாக வகுத்தமை சைவ மாணவர் அறிந்ததே. கிறித்தவ உலகில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் ஒரு துறை உண்டு. நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவன் கூறும் மறுமொழியைக் கிரேக்கர் 'அப்பொலோகியா' என்றனர். அச்சொல்லே பிற்காலத்தில் விசுவாசத்தின் பொருட்டு எடுத்துரைக்கப்படும் காப்புரையைக் குறிக்கலாயிற்று. நம்பிக்கைக்குக் காரணம் கேட்போர் எவராயினும் அவர்க்கு மறுமொழி கூற ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்று பேதுருவின் முதலாம் நிருபம் தன் மூன்றாம் அதிகாரத்திற் பணிக்கின்றது. அம்மறுமொழி சாந்தத்தோடும் அச்சத்தோடும் கூறப்படல் வேண்டும் என்பதும் அவ்விடத்திலேயே உளது. காப்புரையாளர் முற்பகுதியை நன்கு நினைவிற்கொண்டனர். பிற்பகுதியை அத்துணை நினைத்தாரல்லர்.

ஈழத்தில் இத்துறை பெரிதும் மறுப்பும் எதிர்மறுப்புமாகவே வளர்ந்தது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், அப்பயிற்சியையே கருவியாகக் கொண்டு 1854 இல் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார். பாதிரிமார் பழித்த சைவக் கிரியைகளுக்கு ஒப்பானவை அவர்தம் வேதத்திலேயே உள எனக் காட்டிய அந்நூலின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை. அதே 1854 இல் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில், துரைமாரின் பொருளுதவியோடு, தமிழ்த் தொழிலாளருக்கென ஒரு மிஷன் தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாணத்தில் எதிர்வாதஞ் செய்ய அச்சுக்கூடம் உடைய ஒரு நாவலர் இருந்தார். லயத்துக் காம்பிராவில் வாழ்ந்தவனுக்கு அச்சுக்கூடம் இல்லை. ஆனால் அவனுடைய வாழ்வே விடைகூறக் கடினமான ஒரு வினாவாக இருந்தது. அவ்வினா எல்லோர்க்கும் கேட்கும்படி எழுந்த நாள் 2014 ஒக்டோபர் 29.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில், அன்று காலை, தொடர்மழையால் நெகிழ்ந்த மலைச்சரிவு பெயர்ந்து லய வரிசைகளின் மேல் வீழ்ந்தது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுள் மறைந்தோருட் பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. இந்நிலையில், அன்புருவான இறைவன் இதனை ஏன் விடுத்தான் எனக் கேட்பவனுக்குக் கிறித்தவக் காப்புரை யாது கூறும்? ஐயவாதி அவையில் கேட்கும் வினாவும் இதுவே. விசுவாசி இரவில் தனக்குள் கேட்கும் வினாவும் இதுவே.

மேனாட்டார் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டனர். 1755 நவம்பர் முதலாம் நாள், சகல புனிதர் திருநாளன்று, மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. உலகம் இயன்றவரை நன்றாகவே படைக்கப்பட்டது என்னும் லைப்னிட்சின் வாதம், நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் கற்றோர் போற்றியது, அன்று ஆட்டங்கண்டது. மலக்ரிடா என்னும் இயேசு சபைத் துறவி, நகரத்தாரின் பாவமே காரணம் என்றார். வால்டேர் அத்தகைய விளக்கங்களை எல்லாம் எள்ளி நகையாடினார். ஆயினும் அவ்விவாதத்தில் மீரியபெத்தவுக்கு மிக அணுக்கமான சொல்லைக் கூறியவர் ரூசோ. ஆறு ஏழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்று 1756 இல் அவர் வால்டேருக்கு எழுதினார்.

மீரியபெத்தவில் மலைச்சரிவின் கீழ் லயத்தை அமைத்ததும் மழையன்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஆபத்தானது எனத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. குடியிருந்தோர் தம் வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியவரல்லர். எழுந்து போ என்றால் எங்கே போவது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. தப்பியவர்கள் நெடுநாள் தற்காலிக இடங்களில் தங்கி 2016 இலேயே புது வீடுகளைக் கண்டனர். இந்நிலையில் 'எல்லாம் இறைவன் சித்தம்' என்று கூறும் காப்புரை இறைவனைக் காப்பதாக எண்ணிக்கொண்டு உண்மையில் வேறு சிலரையே காக்கின்றது. எச்சரிக்கையைக் கேட்டும் வாளாவிருந்தவர்க்கு அதனினும் இனிய தீர்ப்பு உண்டோ?

கிறித்தவரின் வேதத்திலேயே இத்தகைய காப்புரைக்கு எதிரான ஒரு நூல் உளது. அது யோபு. நாற்பத்திரண்டு அதிகாரமுடைய அந்நூலின் தொடக்கத்தில், வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்று வீட்டின் நான்கு மூலையிலும் மோத, வீடு வீழ்ந்து யோபுவின் மக்கள் பதின்மரும் மடிகின்றனர். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் வந்து ஏழு நாள் வாய்திறவாது அவனுடன் தரையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் செய்த செயல்களுள் அதுவே சிறந்தது. வாய்திறந்த பின்னர் அவர்கள் கூறுவன யாவும் காப்புரையே: இறைவன் நீதிமான், நீதிமான் காரணமின்றித் தண்டியான், ஆதலின் நீ ஏதோ செய்திருக்கின்றாய். தருக்கத்திற் குறைகாண இயலாது. யோபு அதனை ஏற்க மறுக்கின்றான். தான் பிறந்த நாளைச் சபிக்கின்றான். இறைவனையே வழக்குக்கு அழைக்கின்றான். இறுதி அதிகாரத்தில் இறைவன் சினங்கொள்வது தன்னைக் குற்றஞ்சாட்டிய யோபுவின்மேல் அன்று. தனக்காக வாதாடிய நண்பர் மூவர்மேலேயே சினங்கொள்கின்றான். அவர்கள் தன்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கின்றான். (காப்புரையாளர் பலர் இந்நூலை இறுதி அதிகாரம்வரை படித்தனரோ என ஐயுறவேண்டியுளது.)

தமிழ் வாசகனுக்கு இக்கதை புதிதன்று. வசிட்டனும் விசுவாமித்திரனும் செய்த வாதத்தின் பொருட்டு அரிச்சந்திரன் நாடிழந்து, மனைவியையும் மகனையும் விற்று, சுடலை காக்க நேர்ந்தது. யோபுவின் துன்பமும் இறைவனுக்கும் சாத்தானுக்கும் இடையே எழுந்த வாதத்தின் விளைவே. இருவரும் தம் துன்பத்தின் காரணத்தை அறியார். வேறுபாடு அவர்தம் வாய்மொழியில் உளது. அரிச்சந்திரன் வாய்மையின் பொருட்டுப் பொறுத்தான்; யோபு வாய்மையின் பொருட்டுப் பொறுக்க மறுத்தான். முடிவிலும் வேறுபாடு உண்டு. அரிச்சந்திரனின் மகன் உயிர்பெற்று எழுகின்றான். யோபுவுக்கோ இறந்த மக்கள் மீளவில்லை. புதிதாகப் பதின்மர் பிறக்கின்றனர், செல்வமும் இருமடங்காகின்றது. நூலின் பெருங்குறை இதுவே எனலாம். முப்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்களிற் காத்த நேர்மையை ஆசிரியர் கடைசிச் சில வரிகளிற் கைவிடுகின்றார். இறந்த பிள்ளைக்கு ஈடாக இன்னொரு பிள்ளை என்னும் கணக்கு எந்தத் தாய்க்கும் உடன்பாடாகாது. ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அக்கணக்குப் பொருந்தும்.

இயேசுவின் வாக்கிலும் இதே வினா வருகின்றது. சீலோவாமிலே கோபுரம் வீழ்ந்து பதினெண்மர் மாண்டனர். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரினும் பெரும் பாவிகளோ எனத் தாமே வினவி, அல்லர் எனத் தாமே விடை கூறியமையை லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்திற் காணலாம். பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ என்று சீடர் கேட்டபோதும் இரண்டையும் அவர் மறுத்தார். மலக்ரிடாவின் விளக்கம் இவ்விடத்திலேயே வீழ்கின்றது. ஆயினும் சீலோவாம் பகுதி அத்துடன் முடியவில்லை என்பதையும் மறைத்தலாகாது. நீங்கள் மனந்திருந்தாவிடின் உங்களுக்கும் அவ்வாறே அழிவு நேரும் என்ற எச்சரிக்கை உடன்தொடர்கின்றது. ஐயவாதி இதனைப் பற்றிக்கொண்டு, ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்தார் எனக் கூறக்கூடும். அவ்வெச்சரிக்கை இறந்தோரை நோக்கியதன்று, செய்திகேட்டு நின்றோரை நோக்கியது என்பதே இதற்குக் கூறத்தக்க நல்ல மறுமொழி. அவ்வாறு கொள்ளின் மீரியபெத்தவில் மனந்திருந்த வேண்டியவர் மண்ணுக்குக் கீழே கிடப்பவரல்லர். இம்மறுமொழி முற்றும் போதுமானதென்று கூறுவதற்கில்லை, எனினும் நேர்மையானது.

சைவர் இவ்விடத்தில் மகிழ்ந்து கைகொட்டுதற்கு இடமில்லை. 'அவரவர் கன்மம்' என்னும் சொல் மலைநாட்டில் 'இறைவன் சித்தம்' என்பதினும் எளிதாக வழங்குகின்றது. அதே பணியையும் செய்கின்றது. சித்தாந்தத்திற் கன்மம் என்பது உயிரை ஆணவத்தினின்று நீக்கிப் பக்குவப்படுத்த இறைவன் கூட்டும் கருவி. அஃது ஒருவன் தன்னைநோக்கிச் சிந்திக்க வேண்டிய உண்மை. அயலான் பிணத்தருகே நின்று சாட்டும் குற்றமன்று. வள்ளுவரும் இரவச்சம் என்னும் அதிகாரத்தில், இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனின் இவ்வுலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சினந்தார். அவ்விடத்தில் ஊழைக் காட்டி அமைதி கூற அவர் முற்படவில்லை. அச்சினத்தில் யோபுவின் குரலைத் தமிழிற் கேட்கலாம்.

ஊவாவிலேயே வேறுவகைக் காப்புரைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமலமரித் தியாகிகள் சபையைச் சார்ந்த மைக்கல் றொட்றிகோ அடிகள், மேனாட்டில் உயர்கல்வி பெற்றுக் குருமாணவர்க்கு மெய்யியல் கற்பித்தவர். அவர் 1980 இல் புத்தளையை அடுத்த ஒரு சிங்கள பௌத்தச் சிற்றூரிற் குடியேறி, 'சுபசெத் கெதர' என்னும் இல்லத்தை அமைத்தார். ஊராரை மதமாற்ற அவர் முயலவில்லை. நிலமும் மருந்தும் கல்வியும் இன்றி வாடிய உழவரோடும் அவர்தம் பிக்குமாரோடும் உரையாடி வாழ்ந்தார். 1987 நவம்பர் 10 ஆம் நாள் மாலை, அவ்வில்லத்திலேயே திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாழ்ந்த முறை யோபுவின் நண்பர் அமர்ந்திருந்த ஏழு நாளை ஏழு ஆண்டாக நீட்டியது போன்றது.

ஆயினும் ஒரு வாழ்வு எத்துணைத் தூயதாயினும் அஃது ஒரு வாதத்துக்கு விடையாகாது என ஐயவாதி கூறின், அக்கூற்றில் நியாயம் உண்டு. தூயவர் எல்லாச் சமயத்திலும் உளர். எச்சமயமும் இல்லாதாரிடத்தும் உளர். துன்பத்தின் காரணத்தை யோபுவின் நூல் கடைசிவரை யோபுவுக்கு உரைக்கவில்லை. சுழல்காற்றினின்று பேசும் இறைவன், பூமிக்கு அடித்தளமிட்டபோது நீ எங்கிருந்தாய் என்று திருப்பிக் கேட்கின்றானேயன்றி விளக்கம் தருவதில்லை. கிறித்தவக் காப்புரை மீரியபெத்தவிற் பேச விரும்பின், இவ்விடையின்மையை மறைக்காமலே பேசல் வேண்டும். சரிவுகளின் கீழ் லயங்கள் ஊவாவில் இன்னும் உள; மழைக்காலந்தோறும் அங்குள்ளோர் மலையை நோக்கிக் காத்திருக்கின்றனர்.