மொட்டை மாடியும் தென்னை மரமும்

எண்பதுகளில் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்து டி.வி. ஆன்டெனாக்கள் தென்கிழக்கே பார்த்து நின்றன. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாஹினி, 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையிலிருந்து கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து ஆன்டெனாக்களோ இந்தியத் தொலைக்காட்சிக்காகக் கொடைக்கானல் மலையைத் தேடித் திரும்பியிருந்தன. பூஸ்டர் வைத்து, நீளக் குழாயில் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து “வந்திருச்சு, வந்திருச்சு... ஐயோ போச்சு” என்று கத்திய காலம் அது. இரு கரையிலும் ஒரு தலைமுறை அப்படித்தான் ஆன்டெனா கட்டக் கற்றது.

ஹாம் வானொலிக்காரர்கள் அந்த வேலையை இன்னும் விடவில்லை. அவர்கள் பொழுதுபோக்காக வானொலி கேட்பதோடு நில்லாமல் அனுப்பவும் செய்கிறார்கள். இந்தியாவில் அழைப்புக்குறி ‘வி.யூ.’ என்று தொடங்கும், இலங்கையில் ‘4எஸ்7’. இங்கே உரிமம் தருவது மத்திய தகவல்தொடர்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவு. அங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பரீட்சை எழுதாமல் இரண்டு இடத்திலும் மைக்கைத் தொட முடியாது. விமான நிலையத்தை ஒட்டிய வீடென்றால் உயரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு. பல்லாவரத்துக்காரருக்கும் ரத்மலானைக்காரருக்கும் அதே தலைவலி.

இடத்தைக் கணக்குப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. புதிதாக வருகிற ஹாம் முதலில் கட்டுவது 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல்தான். நடுவில் கோ-ஆக்ஸ் கேபிளைப் பொருத்தி இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டராக இழுத்த செப்புக் கம்பி, மொத்தம் 66 அடி. நம்மூர் ஒரு கிரவுண்ட் மனை 40க்கு 60 என்று வைத்துக்கொண்டால் மூலைவிட்டம் 72 அடி. கம்பி குறுக்கே போனால் மட்டும் அடங்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு, கொழும்புப் பக்கத்தில் பத்து பேர்ச்சஸ், இரண்டும் ஒரே அளவுதான்: 2,722 சதுர அடி. அங்கேயும் மூலைக்கு மூலை இழுத்தாக வேண்டும்.

வித்தியாசம் கூரையில் இருக்கிறது. தமிழ்நாட்டு நகரத்து வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு. வடகம் காயப்போட, துணி உலர்த்த, படுத்துறங்க இருக்கிற அந்த இடமே ஆன்டெனாவுக்குப் பாதி டவர். இரண்டு மாடி ஏறினாலே இருபத்தைந்து அடி கையில் வந்துவிடுகிறது. மேலே ஒரு ஜி.ஐ. பைப்பையோ சவுக்குக் கம்பையோ நட்டு, கைப்பிடிச் சுவரின் மூலைகளுக்கு ஸ்டே கம்பி இழுத்தால் போதும். இலங்கையில் பெரும்பாலான வீடுகளுக்கு ஓட்டுக் கூரை, இல்லையென்றால் அஸ்பெஸ்டஸ் சீற். ஓட்டில் கால்வைத்தால் ஓடு உடையும். சீற்றில் கால்வைத்தால் ஆளே உள்ளே போவார். ஆகவே அங்கே கம்பம் வளவுக்குள், மண்ணிலிருந்தே எழும்ப வேண்டும், அல்லது ஏற்கெனவே எழும்பி நிற்கிற தென்னையைக் கேட்க வேண்டும். (கேரளத்து ஹாம் வீடுகளைப் பார்த்தால் இலங்கை என்றே தோன்றும். தேச எல்லையைவிடக் கூரைச் சரிவுதான் இதில் முக்கியம்.)

தென்னையில் கம்பி கட்டுவது ஒரு தனிக் கலை. கவணில் ஈயக்குண்டை வைத்து, அதன் பின்னால் தங்கூசியை (நைலான் மீன்பிடி இழை) முடிந்து மட்டைக்கு மேலாக அடிக்க வேண்டும். தங்கூசி இழுத்துவரும் நூலில் கயிறு, கயிற்றில் கப்பி. இறுக்கிக் கட்டினால் முதல் காற்றிலேயே கம்பி அறும், ஏனென்றால் தென்னை ஆடும். கயிற்றின் கீழ்நுனியில் மணல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிட்டால் மரம் ஆட ஆடப் போத்தல் ஏறி இறங்கும், கம்பியின் இழுவை மாறாது. பனை இவ்வளவு ஆடுவதில்லை. வடக்கில் இருப்பவருக்கு அது ஒரு வரம். மொட்டை மாடிக்காரருக்கு இந்தப் பாடம் எதுவும் தேவைப்படுவதில்லை. வெல்டிங் பட்டறையில் பத்து பத்து அடித் துண்டுகளாக முக்கோண டவர் செய்து, தளத்தில் போல்ட் அடித்து, உச்சியில் யாகி ஆன்டெனாவை ஏற்றிவிடுவார். அந்த போல்ட் துளை வழியாக மழைநீர் இறங்கி வீட்டுக்காரம்மா வாயில் விழுவது பிறகு வரும் கதை.

ஆனால் மாடிக்காரர் உயரத்தில் சம்பாதித்ததை எர்த்தில் இழக்கிறார். இரண்டாம் மாடி அறையிலிருந்து மண்ணுக்கு இறங்கும் கம்பி வளைந்து நெளிந்து பத்து மீட்டரை எட்டிவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலைநீளம். கீழ்நுனி கரியும் உப்பும் போட்ட குழியில் பத்திரமாக இருந்தாலும் மேல்நுனிக்கு மண்ணோடு உறவே இல்லாததுபோல ஆகிவிடும். பேசும்போது மைக் உதட்டில் சுரீரென்று குத்தும். நானும் குத்து வாங்கியவன்தான். இலங்கைக்காரர் தரைத்தள அறையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே ஓர் இரும்புத் தண்டை அடித்து, இரண்டு மீட்டர் கம்பியோடு வேலையை முடித்துவிடுகிறார். ஏப்ரலிலும் ஐப்பசியிலும் மதியத்துக்குப் பிறகு இடி கூடுகிற அந்தத் தீவில் குறுகிய எர்த் பெரிய சொத்து. இடி உறுமினால் கேபிளைக் கழற்றி வெளியே போடுவது மட்டும் இரு நாட்டுக்கும் பொது.

டவர் வைத்தே தீர வேண்டுமா என்றால், பக்கத்து ஊரோடு பேச அது தேவையில்லை. பத்து மீட்டர் உயரத்தில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் அலையைப் பெரும்பாலும் நேர்மேலே எறிகிறது. அது அயனமண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டருக்குள் விழுகிறது. மதுரை–யாழ்ப்பாணம் பேச அதுவே தாராளம், சென்னை–கொழும்பும் எட்டும். ஐரோப்பாவைப் பிடிக்க ஆசைப்படும்போதுதான் உயரம் பணம் கேட்கிறது.

அயலாரின் கேள்வி இரு கரையிலும் வேறு. சென்னை அடுக்ககத்தில் அசோசியேஷன் செயலாளர், “செல்போன் டவரா சார், கதிர்வீச்சு வருமா?” என்பார், அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாகவே வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் கேள்வி மெல்லிய குரலில் வரும்: “தம்பி, இது பிரச்சினை இல்லையோ?” போர்க்காலத்தில் பற்றரிக்கே தடை இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் அது. அங்கே உரிமத்தின் பிரதியைச் சுவரில் மாட்டிவைப்பது அலங்காரத்துக்காக அல்ல.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்தப் பொழுதுபோக்கு இரு நாட்டிலும் வேலைக்கு வந்தது. அந்தமானுக்கு ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியது. விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு சிற்றலையில் இணைத்தார்கள்.

என் மாடிக் குழாயை இப்போது கழற்றிவிட்டேன். அறையைக் கீழே மாற்றி, கம்பியின் ஒரு முனையைப் பக்கத்து வீட்டுத் தென்னையில் கட்டியிருக்கிறேன், மணல் பாட்டில் சகிதம். அந்த வீட்டு அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தேங்காய் பறிக்க ஆள் வருகிற அன்று காலை ஆறு மணிக்கே கம்பியை இறக்கிவிட வேண்டும். ஆள் என்று வருவார் என்பதை அவர் முதல்நாள் இரவு வரை சொல்வதில்லை.