வெட்டாமல் விட்ட பேட்டி

பிரேசில் சினிமா என்றால் கிளாபர் ரோச்சாவில் தொடங்கி ‘சிட்டி ஆஃப் காட்’டில் முடித்துவிடுகிறோம். எனக்கு எடுவார்டோ கூட்டின்யோதான் பெரிய ஆள்.

1962இல் பராயிபா மாநிலத்தில் விவசாயச் சங்கத் தலைவர் ஜுவாவ் பெட்ரோ டெய்ஷெய்ரா சுட்டுக்கொல்லப்படுகிறார். அந்தக் கதையைப் படமாக்க 1964இல் கூட்டின்யோ பக்கத்து மாநிலத்தில் கலிலேயா எனும் ஊருக்குப் போகிறார். நடிப்பவர்கள் விவசாயிகள். மனைவி எலிசபெத், எலிசபெத்தாகவே வருகிறார். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் படப்பிடிப்பு பாதியில் நின்றுபோகிறது. லேபுக்கு முன்கூட்டியே அனுப்பிய ஃபிலிம் மட்டும் தப்பியது.

பிறகு டிவி வேலை. 1981இல் திரும்பிப் போய், மிச்சமிருந்த காட்சிகளை நடித்தவர்களுக்கே ஓட்டிக் காட்டுகிறார். 1984இல் வந்த ‘காப்ரா மார்க்காடோ பாரா மோரேர்’ இப்படிப் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் ‘ட்வென்டி இயர்ஸ் லேட்டர்’.

விடாமுயற்சி, தியாகம் என்று பாராட்டிவிட்டுப் போகலாம். நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க. எனக்கு அதில் ருசி இல்லை. தொடக்கத்தில் பின்னணிக் குரல் விளக்கிக்கொண்டே இருப்பது கொஞ்சம் சலிப்புங்கூட.

படம் எனக்குத் திறந்துகொண்டது எலிசபெத்தைக் கண்டுபிடிக்கும் இடத்தில். வேறொரு மாநிலத்தில் ‘மார்த்தா’ என்ற பெயரில் ஒளிந்து வாழ்கிறார். பதினொரு பிள்ளைகளில் ஒருவனைத்தான் கூடவே கொண்டுபோக முடிந்திருக்கிறது. முதல் பேட்டியில் மூத்த மகன் பக்கத்திலேயே இருக்கிறான். அம்மா ஜனாதிபதிக்கு நன்றி சொல்கிறார். ஆமாம், அதே ராணுவ ஆட்சியின் ஜனாதிபதிக்கு! மகன் குறுக்கே புகுந்து, எல்லா ஆட்சிமுறைகளையும் தான் மறுப்பதைப் பதிவு செய்யச் சொல்லிக் கத்துகிறான்.

ஒரு போராளியின் படத்தில் இதையெல்லாம் யார் வைப்பாங்க? ஒத்துவராத ரீடிங்கை அழித்துவிட்டு அழகாக ரிப்போர்ட் கொடுப்பவர்களை வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். கூட்டின்யோ அழிக்கவில்லை. அதனால்தான் விடைபெறும் காட்சி அப்படித் தாக்குகிறது. குழு வண்டியில் ஏறிவிட்டது. எலிசபெத் ஜன்னலருகே வந்து நிற்கிறார். பசி, கூலி, நிற்காத போராட்டம் என்று கையை ஆட்டிப் பேசப் பேச, மார்த்தா கரைந்துபோகிறாள். முந்தைய பேட்டியை வெட்டியிருந்தால் இவர் வெறும் சிலையாக நின்றிருப்பார். பயந்த அம்மாவையும் பார்த்துவிட்டதால்தான் இந்தக் குரலை நம்ப முடிகிறது.

2007இல் வந்த ‘ஜோகோ டி சேனா’வைக் கொண்டாடுபவர்கள் உண்டு. பெண்கள் தம் கதையைச் சொல்ல, நடிகைகள் அதையே திரும்பச் சொல்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான படம்தான். ஆனால் எனக்கு அந்தக் கார் ஜன்னல் போதும்.

கூட்டின்யோ 2014இல் எண்பது வயதில் இறந்தார். அதற்கு முந்தைய வருஷங்கூட, கேமராவோடு மறுபடியும் எலிசபெத்தின் குடும்பத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்.