பெயர் சொன்னால் போதுமா?

பாகூரில் ஒரு மாலை. படிப்பக நண்பர்கள் சிலர் கூடியிருந்தோம். வில்லியனூரிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். வகுப்பறைப் பழக்கத்தால் நான் இரண்டு கேள்விகளை அவர்கள்முன் வைத்தேன். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்? உங்களை மாற்றிய நூல் எது?

முதற் கேள்விக்கு விடை முழக்கமாய் வந்தது: "பாவேந்தர்!"

இரண்டாவது கேள்விக்கு? அமைதி! ஒருவர் தரையைப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார்.

தோழர்களே, பெயர் நாவில் இருக்கிறது. நூல் நெஞ்சில் இல்லை. படத்துக்கு மாலை சூட்டக் கை நீளுகிறது. பக்கத்தைப் புரட்ட நீளவில்லை. கல்லை வணங்குவோரைக் கண்டு நகைக்கும் நாம், சொல்லை வணங்கலாமா?

இதே பாகூரைப் பற்றிச் செப்பேடு ஒரு செய்தி சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. பெருமைதான்! ஆனால் யாருக்கு அந்தக் கல்வி? மறை ஓதுவோர்க்கு! ஏர் பிடித்தவன் நெல்லைக் கொடுத்தான். ஏடு அவன் கைக்கு வரவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து நம் கைக்கு வந்திருக்கிறது ஏடு. அதை மூடி வைத்துவிட்டு, அட்டையில் உள்ள பெயரை மட்டும் ஓதிக்கொண்டிருப்பதா?

ஓர் எழுத்தாளரை நேசிப்பது எப்படி? அதைக் கற்றுத் தந்தவரே பாவேந்தர்தான். 1891இல் புதுவையில் பிறந்த கனக சுப்புரத்தினம், பாரதியாரோடு பழகி, அவர்பால் கொண்ட பற்றால் பாரதிதாசன் ஆனார். 1926இல் மயிலம் முருகனுக்குத் துதியமுது படைத்த அதே கை, 1930இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' தந்தது. இராமாயணக் கதையில் மயங்கிக் கிடந்த மக்களைத் தட்டி எழுப்பிய நூல் அது. இடையில் நான்கே ஆண்டுகள்! சுயமரியாதை இயக்கத்தின் கருத்துகள் அந்தக் கவியுள்ளத்தை உழுதுவிட்டன. பாரதி பராசக்தியைப் பாடினார். தாசனோ கடவுள் மறுப்பைப் பாடினார். பெயரளவில் தாசன், கருத்தளவில் எவருக்கும் அடிமையல்லன். ஆசானை உயிராய் நேசித்தார். ஆசான் நின்ற இடத்தைக் கடந்தும் சென்றார்.

அன்றைய கூட்டத்தில் இப்படிப் படித்தவர் ஒருவரே இருந்தார். தையல் வேலை செய்து பிழைக்கும் பெண் அவர்.

"எனக்கும் பாவேந்தர்தான் பிடிக்கும், அண்ணா. குடும்ப விளக்கை இருமுறை படித்தேன். ஆனால் அந்த நூலோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு," என்று தொடங்கினார். "தங்கம் விடியுமுன் எழுகிறாள். கோலம், சமையல், பிள்ளைகளுக்குப் பாடம், மாமன் மாமிக்குத் தொண்டு. அதற்குமேல் கடைப் பொறுப்பு. இரவில் நாட்டுநலமும் அவளே எண்ண வேண்டும். விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. எண்ணெய் வார்ப்பவர் யார்? அந்த வேலையில் பாதியை மணவழகன் ஏற்றிருந்தால் குடும்பம் இருண்டா போகும்?"

"பாவேந்தரையே குறை கூறுவதா?" என்று ஓர் இளைஞர் சீறினார். நான் வாய் திறக்கவில்லை. காரணம், வெட்கம்! கல்லூரியில் பாவேந்தரைத் தேர்வுக்காகப் படித்தவன் நான். பாடப் பகுதி தெரியும். பெற்ற மதிப்பெண்ணும் நினைவிருக்கிறது. குடும்ப விளக்கின் ஐந்து பகுதிகளையும் முழுமையாகப் படித்தது அந்த மாலைக்குப் பிறகுதான்.

படித்தபின் சொல்கிறேன்: அந்தப் பெண்ணின் வழக்கில் நியாயம் உண்டு, நூலின் பக்கத்திலும் நியாயம் உண்டு. முதற்பகுதி வந்தது 1942இல். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலம். அந்தக் காலத்தில், கற்றவளாய், கடையை நடத்தும் ஆற்றல் உள்ளவளாய், பொதுநலம் பேசுபவளாய் ஒரு பெண்ணைப் படைத்தது புரட்சியே. 1944இல் வந்த 'இருண்ட வீடு' கல்லாமை புகுந்த இல்லத்தின் சீர்கேட்டைக் காட்டி, அதே உண்மையை மறுபுறமிருந்து உணர்த்தியது. ஆயினும், கல்வி பெற்ற தங்கத்தின் தோளிலிருந்து கவிஞர் அடுப்புச் சுமையை இறக்கவில்லை. கல்வியையும் அதன்மேல் ஏற்றி வைத்தார். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலை இதனருகே வைத்துப் பாருங்கள். கவிஞர் வீட்டுக்குள் விளக்கேற்றினார். பெரியார் அந்த வீட்டின் அடித்தளத்தையே தோண்டிப் பார்த்தார். கற்பு பெண்ணுக்கு மட்டுமா என்று கேட்டார். இரண்டையும் படித்து, இரண்டுக்கும் இடையே நின்று சிந்திப்பவரே பகுத்தறிவாளர்.

இதனால் பாவேந்தர் புகழ் குறையுமா? குறையாது! துதியமுதிலிருந்து விடுதலை பெற்ற கவிஞருக்கு நாம் துதி பாடுவதே இழுக்கு. 37 ஆண்டுகள் ஆசிரியராய் இருந்தவர் அவர். ஒப்புவிக்கும் மாணவனைவிட எதிர்க்கேள்வி கேட்கும் மாணவனின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கும்.

எனவே, தோழர்களே, இனி எவரேனும் கேட்டால் எழுத்தாளரின் பெயரைச் சொல்லுங்கள். உடனே நூலின் பெயரையும் சொல்லுங்கள். எந்த இடத்தில் அது உங்களை மாற்றியது, எந்த இடத்தில் நீங்கள் அதனோடு மாறுபடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மூன்றும் சொல்ல முடிந்தால் நீங்கள் வாசகர். முதலாவது மட்டுமே சொல்ல முடிந்தால், நீங்கள் இன்னும் பக்தர்!

சீறிய இளைஞர் கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணிடம் சென்றார். "அக்கா, அந்த நூலைக் கொஞ்சம் கொடுங்கள், படித்துவிட்டு வந்து வாதிடுகிறேன்," என்றார்.

வாதிடட்டும்! அவர் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.