வழக்கு யாருடையது? எல்லிசின் காணியாட்சி ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

'வழக்கு' என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. மக்கள் வழிவழியாகக் கொண்டொழுகும் நடைமுறை ஒன்று. அந்நடைமுறை பற்றி மன்றத்தில் எழும் பூசல் மற்றொன்று. நிலவுரிமையில் இவ்விரு பொருளும் பிரியாது நிற்கும். நடைமுறை ஏட்டில் ஏறாது வாய்மொழியாக வாழும் இடத்தில், அதனை எடுத்துரைக்கும் உரிமை யாருக்கு என்பதே முதற்பூசல் ஆகும். தொண்டைமண்டலத்துக் காணியாட்சி பற்றி எல்லிசு இயற்றிய நூலை இந்நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் கருத்து. இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைகளால் பெயர்பெற்ற நிலப்பகுதி, அந்நூல் ஆராயும் பழைய செங்கற்பட்டுச் சீமையின் ஒரு கூறே. ஆதலின் இது பழங்கதை மட்டும் அன்று.

1. நூல் எழுந்த சூழல்

செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி 1763-இல் கும்பினியாருக்குச் சாகீராக அளித்தார். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பல பாழாயின. காணியுடையோர் பலர் ஊரை விட்டு அகன்றனர். அகன்றவர் மீண்டு வந்து தம் உரிமையைக் கோரினர். இடையில் நிலத்தை உழுதவர் அதனை விட மறுத்தனர். இப்பூசல்களுக்கு இடையே 1794-இல் தண்டலராக வந்தவர் இலயனல் பிளேசு. அவர் விதித்த வரிக்கு உடன்படாத மிராசுதாரர் சிலர் தம் உரிமையை இழந்தனர். 1799-இல் அவர் எழுதிய விரிவான அறிக்கை, மிராசு என்பது யாது என்னும் வினாவைக் கும்பினி ஆட்சியின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. 1802-இல் ஊர்களை மிட்டாக்களாகப் பகுத்து ஏலமிட்ட முயற்சியும் நிலைபெறவில்லை.

இந்நிலையில் அரசு பதினேழு வினாக்களை விடுத்தது. சென்னைத் தண்டலராக இருந்த பிரான்சிசு வைட் எல்லிசு அவற்றிற்கு எழுதிய விடைகள் 1818-இல் இரண்டு பின்னிணைப்புகளோடு அச்சேறின. திருக்குறளுக்கு உரை காண முற்பட்டவராகவும், தென்னாட்டு மொழிகள் ஓரினம் என்பதை 1816-லேயே நிறுவியவராகவும் எல்லிசைத் தமிழுலகம் அறியும். அவர்தம் நிலவுரிமை நூலைத் தமிழ்த்துறையினர் பெரும்பாலும் வரலாற்றாசிரியருக்கே விட்டுவிட்டனர். அது பொருந்தாது. அந்நூல் வரிக்கணக்கு நூலைப் போலத் தோன்றினும், உண்மையில் 'காணி' என்னும் ஒரு சொல்லுக்கு எழுந்த பேருரையே ஆகும்.

2. நூலின் சிறப்பு

அரசு வினவியது 'மிராசு' பற்றி. இஃது அரபு மொழியினின்று ஆட்சியாளர் வழி வந்த சொல். மரபுரிமை என்பது இதன் பொருள். எல்லிசு அச்சொல்லோடு அமையாது, அதற்கு முன்னரே நாட்டில் வழங்கிய 'காணி', 'காணியாட்சி' என்னும் சொற்களைத் தேடிச் சென்றார். ஆட்சியாளர் மாறினும் உரிமை மாறவில்லை என்பதை நிறுவ, கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் சான்றாகக் காட்டினார். தமிழ்க் கல்வெட்டுகளை வாழும் உரிமைக்குச் சான்றாகப் பயன்படுத்திய முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று. அவர்தம் அலுவலகத்துச் சிரசுத்தாரர் சங்கரய்யாவின் விடைகளையும் இதனோடு சேர்த்துக் கற்றல் வேண்டும். தமிழறிஞரும் ஆங்கில அலுவலரும் ஒரே வினாவை எவ்வாறு அணுகினர் என்பதற்கு அவை நல்ல சான்று.

சொற்பாகுபாட்டிலும் நூல் நுட்பம் உடையது. ஊர் நிலத்தைக் காணியாளர் பொதுவில் வைத்து முறைமாற்றிப் பயிரிடுவது பசுங்கரை எனவும், நிலையாகப் பிரித்துக்கொள்வது அறுதிக்கரை எனவும் வேறுபடுத்தப்படுகின்றன. காணி இல்லாது பயிரிடும் பாயகாரிகளும் இருவகைப்படுவர். ஊரிலேயே குடியிருந்து, வாரத்தைச் செலுத்தும்வரை நீக்கப்படாதவர் உட்குடிகள். வேற்றூரிலிருந்து வந்து ஓராண்டுக்கோ குறித்த காலத்துக்கோ உழுபவர் புறக்குடிகள். காணியாளரின் தலைமையை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகப் பாயகாரி துண்டுவாரம் அளிப்பார். இச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றன் எல்லையையும் வரையறுத்தமை எல்லிசின் பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை.

3. ஆங்கில நாட்டு ஒப்புமை

எல்லிசு பிறந்த நாட்டிலும் இத்தகைய நிலவுரிமை இருந்தது. அங்கு மேனர் என்னும் பண்ணையூர் ஒவ்வொன்றற்கும் ஒரு தலைவன் உண்டு. வழக்காற்றினால் நிலம் கொண்ட குடிகளும் உண்டு. சட்டத்தின் சொல்லளவில் அக்குடிகள் தலைவன் விருப்பப்படி இருப்போர். ஆயினும் அவ்விருப்பம் அவ்வூர் வழக்காற்றுக்குக் கட்டுப்பட்டது. தந்தை இறந்து மகன் நிலத்தை ஏற்கும்போது தலைவனுக்குச் செலுத்தும் தொகை வழக்கத்தால் வரையறுக்கப்பட்டதா, தலைவன் விரும்பியவாறு உயர்த்தத்தக்கதா என்பதே நூற்றாண்டுகளாக நடந்த பெரும்பூசல். மேய்ச்சற் பொதுநிலத்தைத் தலைவன் வேலியிட்டுக் கொள்ளலாமோ என்பது மற்றொன்று. 1549-இல் நார்போக்கில் கெட்டு என்பவர் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்கு இவ்வேலியிடுதலும் ஒரு காரணம்.

ஈண்டு நாம் கருதவேண்டுவன இரண்டு. முதலாவது, பண்ணையூர் மன்றத்தில் வழக்காறு இன்னது என்று உறுதிமொழி கூறி உரைத்தவர் அக்குடிகளே. தலைவனின் ஆள் மன்றத்தை நடத்துவான். ஆயினும் ஊர் வழக்கைச் சொல்லும் வாய் குடிகளுடையது. இரண்டாவது, மன்ற ஏட்டில் பதிந்த உரிமையின் படி ஒன்று குடியானவன் கைக்கு வந்தது. அப்படியின் பெயராலேயே அவ்வுரிமை வழங்கலாயிற்று. நாளடைவில் அரசின் நீதிமன்றங்களும் அதனை ஏற்றன. தலைவன் வலியவனே, குடிகள் தோற்ற பூசல்கள் பலவே. எனினும் 1926 சனவரி முதல் நாளில் அவ்வுரிமை முறை சட்டத்தால் முடிவுற்றபோது, அக்குடிகளின் நிலம் முழுவுரிமை நிலமாக மாறியது. வழக்காறு ஏட்டில் ஏறியதன் பயன் இது.

செங்கற்பட்டிலும் 'படி' என்னும் சொல்லால் பெயர்பெற்றவர் இருந்தனர். அவர் படியாள். அவர் பெற்ற படியோ ஏட்டின் படி அன்று. களத்தில் அளந்த நெற்படி. ஒருவர் கையில் ஆவணம். மற்றவர் கையில் அன்றைய உணவு. உருவால் ஒன்றாகிய இச்சொல் இரு நாட்டு உழவரின் நிலையையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது.

4. நூலின் குறை

இனி, எல்லிசின் நூலில் நாம் காணும் குறையைக் கூறுவோம். மரபியலில் தொல்காப்பியர் வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் கருத்தை வைத்துள்ளார். மொழிக்கு அவ்விதி பொருந்துமா என்பதை இலக்கணிகள் ஆராய்க. நிலத்துக்கு அவ்விதியைப் பொருத்தினால் விளைவது என்ன என்பதற்கு எல்லிசின் நூலே எடுத்துக்காட்டு. ஊர் வழக்கை அவர் அறிந்தது பெரும்பாலும் காணியாளர் வாயிலாகவும், அவர்தம் ஆவணங்கள் வாயிலாகவும், கற்றோர் வாயிலாகவுமே. ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று வேளாளரைக் குடியேற்றிய மரபுக்கதை காணியாட்சியின் தோற்றமாக அமைகின்றது. அக்கதை காணியாளரின் கதை. படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகம் முதலியனவும் அவர்தம் புகழையே பாடுவன. இவ்வாறு சான்று, கதை, இலக்கியம் என்னும் மூன்றும் ஒரு பக்கமே நிற்கின்றன.

சொற்களே இதனைக் காட்டிக்கொடுக்கின்றன. உட்குடி, புறக்குடி என்பனவற்றில் 'உள்', 'புறம்' என்னும் எல்லை காணியாளரின் ஊரிலிருந்து அளந்தது. படியாள், பண்ணையாள் என்பனவோ உரிமையைக் குறிப்பன அல்ல. பணியையும் கூலியையுமே குறிப்பன. நிலத்தில் மிகுதியாக உழைத்தவருக்கு நிலத்தோடு உள்ள உறவைக் கூறும் சொல் அத்தொகுப்பில் இல்லை என்னலாம். சொல் இல்லையேல் உரிமையும் இல்லை என்று அதிகாரி கொள்வது எளிது.

ஆயின், அச்சொல் இல்லாமல் இருந்ததா? இல்லை என்று கூறற்கு எல்லிசின் நூலே தடையாகின்றது. தொண்டைமண்டலத்துப் பறையர் தம் உரிமைகளை உறுதியாகப் பற்றி நிற்பவர் எனவும், மண்ணின் உண்மையான உடையவர் தாமே என்று கூறிக்கொள்பவர் எனவும் அவரே குறித்துள்ளார். இது மிக அரிய சான்று. ஊரில் மற்றொரு வழக்கும் இருந்தது என்பதும், அதனைச் சொல்லும் வாயும் இருந்தது என்பதும் இதனால் பெறப்படும். எல்லிசு அதனைக் கேட்டார், எழுதியும் வைத்தார். ஆயினும் காணியாட்சியின் இலக்கணத்துள் அதற்கு இடம் தந்திலர். காணியாளர் கூற்று வரையறையாயிற்று. உழுதார் கூற்று ஒரு வியப்புச் செய்தியாக நின்றுவிட்டது.

எல்லிசின் சார்பாகக் கூறத்தக்கது ஒன்று உண்டு. அவர் காலத்துப் பெரும்பூசல் அரசுக்கும் ஊருக்கும் இடையே நடந்தது. நிலம் அனைத்தும் அரசுடையது எனின் வரிக்கு எல்லை இராது. காணியாட்சி உண்மையான சொத்துரிமை என நிறுவினால் அதுவே அரசின் பேராசைக்கு அணையாகும். தாமசு மன்றோ 1824-இல் எழுதிய குறிப்பில் மிராசின் பழமையையும் மதிப்பையும் ஐயுற்றார். எல்லிசு, பிளாக்பர்ன், மன்றோ ஆகிய மூவர் எழுத்துகளையும் 1852-இல் சார்லசு பிலிப் பிரௌன் ஒருங்கே பதிப்பித்தார். அவற்றை ஒப்பிடுவார்க்கு எல்லிசின் வாதம் எத்துணைத் தேவையாயிருந்தது என்பது விளங்கும். இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மேலிருந்து வரும் வெள்ளத்துக்கு எழுப்பிய அணை கீழே உள்ள வயலுக்கு நீரை மறித்தது என்பதும் உண்மை.

5. விளைவு

அக்குறை ஏட்டளவில் நிற்கவில்லை. இரயத்துவாரி முறை வந்த பின்னரும் செங்கற்பட்டில் தரிசு நிலத்தைக் கேட்டுப் பெறுவதில் மிராசுதாரருக்கு முன்னுரிமை இருந்தது. சேரியில் வாழ்ந்த ஒருவர் தரிசுக்கு விண்ணப்பித்தால், மிராசுதாரர் தமக்கே வேண்டும் என்று கூறித் தடுக்க முடிந்தது. குடியிருந்த நத்தமும் அவர்தம் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்ததால், மனம் நோகச் செய்தவரை வீட்டினின்றே எழுப்பும் அச்சுறுத்தல் இருந்தது. தண்டலர் திரெமன்கீர் 1891-இல் செங்கற்பட்டுப் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பு இவற்றை வெளிப்படுத்தியது. 1892-இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் வழி திறந்தது. இதனை அடியொற்றி வழங்கியவையே பஞ்சமி நிலங்கள். அவை பிறர் கைக்கு மாறிய கதை நீண்டது. 1994-இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் அத்தகைய நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். பயிரிடும் குத்தகைதாரர்க்கு 1955-லும், குடியிருப்போர்க்கு 1971-லும் சட்டங்கள் வந்தன. எல்லிசின் இலக்கணத்தில் இடம்பெறாத உறவுக்குச் சட்டம் இடங்கொடுக்க நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின என்று இதனைச் சுருக்கலாம்.

6. இன்றைய தேவை

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் நிலம் மீண்டும் பெயர் மாறியுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும் ஒரகடத்தில் 2010-இலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. தொழிலுக்கென நிலம் எடுக்கத் தனிச்சட்டமே 1997-ஆம் ஆண்டின் பெயரால் உண்டு. நிலம் எடுக்கும் காலத்தில் முதலில் நோக்கப்படுவது பட்டா. மேய்க்காலில் ஆடு மாடு விட்டவர்க்கும், ஏரியில் மீனும் கோரையும் கொண்டவர்க்கும், பிறர் வயலில் நாற்று நட்டு வாழ்ந்தவர்க்கும் அவ்வழக்கத்தை நிறுவும் ஏடு கையில் இல்லை. தொழிலால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. யாருடைய வழக்கு ஏட்டில் ஏறியது என்னும் பழைய வினா இன்றும் உயிரோடு உள்ளது என்பதே நாம் கூறுவது.

தமிழ்த்துறைக்கு இதில் பணி உண்டு. நிலஞ்சார்ந்த சொற்களுக்கு அகராதிகள் தரும் பொருள் பெரும்பாலும் ஆவணங்களிலிருந்தும் வரித்துறை ஏடுகளிலிருந்தும் வந்தது; உடையவர் வாய்ச்சொல்லே அங்குப் பொருளாயிற்று. அவ்வட்டாரத்து முதிய உழவுத் தொழிலாளரிடத்து வரப்பு, களம், கூலி, மேய்க்கால், ஏரி பற்றிய சொற்களும் எல்லைப் பெயர்களும் இன்னும் வாழ்கின்றன. ஊர் எல்லையை அறிந்து காட்டும் பொறுப்புப் பல ஊர்களில் வெட்டியானிடமே இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. எல்லை அறிந்தவர் சொல்லை அறியாதவர் ஆகார். நிலம் உருமாறிய இடத்தில் சொல் நெடுங்காலம் நில்லாது. ஆதலின் ஆய்வு மாணவர் இச்சொற்களை விரைந்து தொகுத்து, எல்லிசின் தொகுப்பின் அருகே வைத்து ஒப்பிடல் வேண்டும்.

எல்லிசு காணியாளரின் வழக்கை ஏட்டில் ஏற்றினார். அவர் கேட்டும் வரையறையுள் சேர்க்காது விட்ட மற்றை வழக்கை ஏட்டில் ஏற்றுவதே அவர் நூலுக்கு நாம் எழுதவேண்டிய மூன்றாம் பின்னிணைப்பு.